எக்மோவில் இருக்கும் அப்பாவுக்கு "25 சதவீதம்" என்றால் என்ன பொருள்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இது: அப்பாவுக்கு வயது 61. பெரிய மாரடைப்பு. வழியிலேயே இதயம் நின்று, நெஞ்சை அழுத்தி மீட்டிருக்கிறார்கள். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்த பிறகும் ரத்த அழுத்தம் ஏறாததால் எக்மோவில், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப உடம்புக்குள் தள்ளும் மெஷினில், போட்டார்கள். இன்று மூன்றாவது நாள். மருத்துவர் ஒரு ஸ்கோர் போட்டுப் பார்த்து, பிழைக்க 25 சதவீத வாய்ப்பு என்றார். அந்த எண்ணை நம்பலாமா, எக்மோவுக்குப் பதில் இம்பெல்லா (இதயத்துக்குள் வைக்கும் சின்னப் பம்ப்) வைத்திருந்தால் வாய்ப்பு கூடியிருக்குமா, அம்மாவிடம் அந்த எண்ணைச் சொல்ல வேண்டுமா என்று மூன்று கேள்விகள். இவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: நம்பிக்கை வைக்கலாமா, கூடாதா? நான் இதய ஐசியூவில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அவருடைய ரிப்போர்ட் எதுவும் என்னிடம் இல்லை, அதனால் அவர் பிழைப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த 25 எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உறுதி இருக்கிறது, இன்றைக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அப்பா எந்த இடத்திலிருந்து தொடங்குகிறார் என்று பார்ப்போம். மாரடைப்பு வந்த எல்லோருக்கும் இந்த நிலை வருவதில்லை, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வரும். இதயத் தசையில் பெரும்பகுதி திடீரென்று வேலையை நிறுத்திவிடுவதால் உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அதனால் தள்ள முடியாமல் போகிறது. இதைத்தான் கார்டியோஜெனிக் ஷாக் என்கிறோம். 1999-ல் வந்த ஷாக் ஆய்வு, அடைப்பை அவசரமாக நீக்குவது ஆறு மாதக் கணக்கில் உயிர்களைக் காக்கிறது என்று காட்டியது. அதன் பிறகு சிகிச்சை எவ்வளவோ மாறியும், பெரிய ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு மாதத்துக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஐம்பது பேர் என்ற கணக்கு பெரிதாக இறங்கவில்லை. எக்மோ தேவைப்படும் அளவுக்கு மோசமானவர்களை மட்டும் எடுத்தால், 2003 முதல் 2013 வரை உலக எக்மோ பதிவேட்டில் இருந்த 3,846 பேரை வைத்துச் செய்த கணக்கில் 42 சதவீதம் பேர் உயிரோடு மருத்துவமனையை விட்டுப் போனார்கள். ஆக, எந்த ஸ்கோரும் போடாமலே, அந்த மெஷினில் இருக்கும் ஒருவருக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு என்பதுதான் தொடக்கப்புள்ளி. மருத்துவர் சொன்ன 25 இதிலிருந்து கீழே இறங்கி வந்த எண். ஏன் இறங்கியது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

25 என்று துல்லியமாகச் சொன்னதால், அவர் பயன்படுத்தியது என்கரேஜ் ஸ்கோராக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாரடைப்பால் எக்மோவுக்குப் போனவர்களுக்கென்றே செய்த ஸ்கோர் அது. ஏழு விஷயங்களைப் பார்க்கும்: வயது 60-க்கு மேலா, பெண்ணா, உடல் பருமன் குறியீடு 25-க்கு மேலா, நினைவு மிகவும் மங்கியிருக்கிறதா, கிரியேட்டினின் கூடியிருக்கிறதா, ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு, ரத்தம் உறையும் திறன் பாதிக்குக் கீழே போய்விட்டதா. எல்லாமே எக்மோ வைப்பதற்கு முன்னால் எடுத்த அளவுகள். மதிப்பெண்ணைக் கூட்டி ஐந்து படிகளில் ஒன்றில் வைப்பார்கள். மேல் படியில் ஆறு மாதம் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், அடுத்தது 58, அப்புறம் 25, 20, கடைசிப் படியில் 7. உங்கள் அப்பா நடுப்படியில் விழுந்திருக்கிறார் போலிருக்கிறது.

இந்த ஏழும் சும்மா பொறுக்கியவை அல்ல. லாக்டேட் என்பது உடம்பின் திசுக்கள் எவ்வளவு நேரம் ஆக்சிஜனுக்குத் தவித்தன என்பதன் பதிவு, கிரியேட்டினின் சிறுநீரகம் எவ்வளவு அடிபட்டது என்பதைச் சொல்கிறது, ரத்தம் உறையும் திறன் பெரும்பாலும் ஈரலின் கதை, நினைவு மூளையின் கதை. அதாவது ஸ்கோரில் இதயத்தை நேரடியாக அளக்கும் ஒரு எண்கூடக் கிடையாது! முதன்முதலில் இதைக் கவனித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, பிறகு வருடங்கள் போகப் போகப் புரிந்தது. இதயத்தின் வேலையை மெஷின் எடுத்துக்கொண்ட பிறகு, இதயம் எவ்வளவு பலவீனம் என்பதைவிட, மெஷின் வருவதற்குள் மற்ற உறுப்புகள் எவ்வளவு சேதமாகின என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெவ்வேறு நாட்டு ஆய்வுகள், வெவ்வேறு மெஷின்கள், எதை எடுத்தாலும் வயதும் லாக்டேட்டும் சிறுநீரகமும் திரும்பத் திரும்ப வருகின்றன. பலூன் பம்ப் (பெருந்தமனியில் வைத்து இதயத்துக்கு உதவும் பலூன்) ஆய்விலிருந்து பிறந்த இன்னொரு ஸ்கோரும் இவற்றோடு பழைய பக்கவாதம், சர்க்கரை அளவு, ஸ்டென்ட் வைத்த பிறகு அந்தக் குழாயில் ரத்தம் சீராக ஓடியதா என்ற மூன்றைத்தான் சேர்க்கிறது.

சரி, உறுதியானது அவ்வளவுதான். உறுதியில்லாத இடத்துக்கு வருவோம். என்கரேஜ் ஸ்கோர் செய்யப்பட்டது பிரான்ஸில் இரண்டு ஐசியூக்களில், 2008-க்கும் 2013-க்கும் இடையில் இருந்த 138 பேரை வைத்து. அவர்களில் 65 பேர் ஐசியூவிலிருந்து உயிரோடு வெளியே வந்தார்கள். 138 பேரை ஐந்து படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்குச் சராசரியாக முப்பது பேர்கூட வராது. அந்தச் சின்னக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் விதி வேறு மாதிரி அமைந்திருந்தால், இன்றைக்கு உங்களிடம் சொன்ன 25 என்பது 15 ஆகவோ 35 ஆகவோ இருந்திருக்கும். அப்புறம் பாருங்கள், 60-க்கு மேல் என்றால் மதிப்பெண் ஏறும், உங்கள் அப்பாவுக்கு 61. இரண்டு வயது குறைவாக இருந்திருந்தால் மேல் படிக்கே போயிருக்கலாம், ஆனால் 59 வயது உடம்புக்கும் 61 வயது உடம்புக்கும் அப்படி ஒரு பெரிய பள்ளம் கிடையாது. நினைவு விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வென்டிலேட்டரில் போடும்போது தூக்க மருந்து கொடுத்துவிடுவோம், மருந்தின் மயக்கத்தை மூளையின் மயக்கமாக எண்ணி மதிப்பெண் போட்டுவிட்டால் நோயாளி இருப்பதைவிட மோசமாகத் தெரிவார். இந்தத் தவறு பரபரப்பான ஒரு இரவில் எங்கள் ஐசியூவிலேயே நடந்திருக்கிறது, காலையில் திருத்தினோம். அப்பாவுக்கு எந்த நேரத்து அளவைப் போட்டார்கள் என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

ஒரு ஸ்கோர் "நன்றாக வேலை செய்கிறது" என்று நாங்கள் சொல்லும்போது அதற்கு இரண்டு பொருள் உண்டு, குடும்பத்தாரிடம் பேசும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. பிழைத்த ஒருவரையும் இறந்த ஒருவரையும் எடுத்து, இருவரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று ஸ்கோர் சரியாகச் சொல்கிறதா என்பது ஒன்று. என்கரேஜ் அந்தப் பரீட்சையில் அதை உருவாக்கிய அதே நோயாளிகளிடம் நூற்றுக்கு 84 தடவை சரியாகச் சொன்னது, அது நல்ல மதிப்பெண்தான். ஆனால் நீங்கள் கேட்பது இன்னொன்றை: 25 என்று சொன்ன நூறு பேரில் உண்மையிலேயே 25 பேர்தான் பிழைக்கிறார்களா? இது இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். எக்மோவை எவ்வளவு சீக்கிரம் வைக்கிறார்கள், யாருக்கு வைக்க மறுக்கிறார்கள், கவனிப்பு எப்படி என்பதையெல்லாம் பொறுத்தது. ஒரு ஸ்கோர் வரிசைப்படுத்துவதில் கெட்டியாக இருந்தும் சதவீதத்தில் தவறலாம். என் மனதை இன்றும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்கோர் மோசம் என்று நம்பி எங்கேயாவது சிகிச்சையைச் சீக்கிரம் நிறுத்தினால், அந்த இறப்பும் "ஸ்கோர் சொன்னபடியே நடந்தது" என்று கணக்கில் ஏறிவிடும். ஆகவே எந்த மெஷினையும் ஸ்கோரை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இதையெல்லாம்விட முக்கியம், அந்த எண் மூன்று நாள் பழையது. எக்மோ வைப்பதற்கு முந்தைய நிமிடத்தில் அப்பா எப்படி இருந்தாரோ அதை வைத்துப் போட்ட கணக்கு அது. அன்றைக்கு அவரோடு அதே படியில் நின்றவர்களில் கணிசமானவர்கள் முதல் இரண்டு மூன்று நாளிலேயே இறந்துவிடுவார்கள், அப்பா அதைத் தாண்டி வந்திருக்கிறார். இதனால் வாய்ப்பு இத்தனை சதவீதம் கூடிவிட்டது என்று நான் எண் சொல்ல மாட்டேன், சொன்னால் அது என் கற்பனையாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைய அப்பாவை இன்றைய அளவுகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும். இதற்கு ஆதாரமும் உண்டு: பலூன் பம்ப் ஆய்வில் இருந்தவர்களைத் திரும்பப் பார்த்தபோது, வந்தவுடன் எடுத்த லாக்டேட்டைவிட 8 மணி நேரம் கழித்து எடுத்த லாக்டேட்தான் முடிவை நன்றாகக் கணித்தது. எங்கே இருக்கிறார் என்பதைவிட எந்தப் பக்கம் போகிறார் என்பது அதிகம் சொல்கிறது.

அப்படியானால் மூன்றாவது நாளில் நான் என்ன பார்ப்பேன்? லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே வந்து அங்கேயே நிற்கிறதா என்று முதலில் பார்ப்பேன். எக்மோ நன்றாக ஓடியும் லாக்டேட் இறங்காமல் இருந்தால், அல்லது இறங்கியது மறுபடி ஏறினால் கவலைப்பட வேண்டும். குடலுக்கோ காலுக்கோ ரத்தம் போகாமல் இருக்கலாம், ஈரல் சோர்ந்திருக்கலாம். ஒரு விதிவிலக்கு, அட்ரினலின் மருந்து அதிகமாக ஓடினால் அதுவே லாக்டேட்டைக் கூட்டும், அதனால் லாக்டேட்டோடு சேர்த்து மருந்துகளின் அளவு குறைகிறதா என்றும் கேளுங்கள். அடுத்து மானிட்டரில் ரத்த அழுத்தக் கோடு. எக்மோ சீராகத் தள்ளுவதால், இதயம் வேலையே செய்யாதபோது அந்தக் கோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். இதயம் மெல்ல விழித்துத் தானும் தள்ள ஆரம்பித்தால் அதில் அலை எழும், மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடைவெளி வரும். நான் காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது அந்த அலையைத்தான். மாரடைப்பில் சிக்கிய தசை எல்லாமே செத்துவிடுவதில்லை, ஒரு பகுதி அதிர்ச்சியில் உறைந்து நிற்கும், ரத்தம் திரும்பி ஓடினாலும் அது விழிக்கப் பல நாள், சில சமயம் சில வாரம்கூட ஆகும். எக்மோ வைப்பதே அந்த அவகாசத்தை வாங்கத்தான். ஆகவே மூன்றாம் நாளில் அலை சின்னதாக இருப்பதாலேயே கதை முடிந்தது என்று நான் நினைக்க மாட்டேன்.

மெஷினை எடுக்க முடியுமா என்று பார்க்கும் நாள் வரும்போது, எக்மோவின் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுப்பார்கள். ஓட்டம் மிகக் குறைவாக இருக்கும்போதும் ரத்த அழுத்தம் நின்று, இதயத்தின் தள்ளு திறன் 20 முதல் 25 சதவீதத்துக்கு மேல் இருந்து, இன்னும் இரண்டு அளவுகளும் தேறினால் எடுக்க முயல்வார்கள். நல்ல இதயத்தில் அந்தத் திறன் 55-க்கு மேல் இருக்கும், எனவே எக்கோவில் 25 என்று கேட்டுப் பயந்துவிடாதீர்கள், இந்தக் கட்டத்தில் அது நல்ல செய்தியாகவே இருக்கலாம். பிழைக்கும் வாய்ப்பு 25, இதயத் திறன் 25, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுத குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

மூளை விஷயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. வழியில் இதயம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நிமிடம் யாரும் நெஞ்சை அழுத்தாமல் இருந்தார், அழுத்த ஆரம்பித்து எத்தனை நிமிடத்தில் இதயம் திரும்பியது என்ற இரண்டும் ஸ்கோரில் இல்லை, ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை அவை மிகப் பெரிய கேள்விகள். இதயமும் சிறுநீரகமும் தேறியும் மூளை தேறாமல் போவது உண்டு. இதில் அவசரமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட விதி: குறைந்தது 72 மணி நேரம், அதுவும் தூக்க மருந்துகள் உடம்பை விட்டுப் போன பிறகு, ஒரே பரிசோதனையை நம்பாமல் கண் பாவை, மூளை அலை, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகமும் ஈரலும் சோர்ந்திருந்தால் தூக்க மருந்து வெளியேற இன்னும் நாளாகும். "இன்னும் கண் திறக்கவில்லை" என்று இன்றைக்கே முடிவுக்கு வராதீர்கள்.

இம்பெல்லா கேள்வியை நீங்கள் எழுதிய விதத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிகிறது, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கலாமோ என்று. இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2023-ல் வந்த ஆய்வில் மாரடைப்பு ஷாக்கில் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு எக்மோவும் மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்தார்கள். 30 நாளில் எக்மோ பக்கம் இறந்தவர்கள் 47.8 சதவீதம், மறுபக்கம் 49.0. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும், ரத்தக் கசிவும் காலுக்கு ரத்தம் போகாத சிக்கலும் எக்மோ பக்கம்தான் அதிகம். 2024-ல் இம்பெல்லா ஆய்வு வந்தது, 180 நாளில் இம்பெல்லா பக்கம் இறந்தவர்கள் 45.8 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 58.5. இதை மட்டும் பார்த்தால் இம்பெல்லாதான் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வில், வெளியே இதயம் நின்று மீட்ட பிறகு நினைவு திரும்பாமல் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. எக்மோ ஆய்விலோ முக்கால்வாசிப் பேருக்கு மேல் இதயம் நின்று மீட்கப்பட்டவர்கள். இரண்டும் வேறு வேறு கூட்டம், ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. வந்தபோது அப்பாவுக்கு நினைவு இல்லை என்றால், இம்பெல்லாவின் அந்த நல்ல முடிவு அவருக்குப் பொருந்தும் என்று எவராலும் சொல்ல முடியாது. எக்மோ நுரையீரலின் வேலையையும் சேர்த்துச் செய்யும், இம்பெல்லா செய்யாது, அந்த இரவில் ஆக்சிஜனும் இறங்கியிருந்தால் அவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. நீங்கள் எதையும் தவறவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இனி வரும் நாட்களில் ஸ்கோருக்குத் தெரியாத ஆபத்துகளும் உண்டு, ரத்தக் கசிவு, பக்கவாதம், கிருமித் தொற்று, குழாய் போட்ட காலில் பிரச்சினை. நன்றாகத் தேறி வந்தவரை இவற்றில் ஒன்று ஒரே நாளில் கவிழ்த்துவிடும். டயாலிசிஸ் தொடங்கினால் அது நல்ல அறிகுறி இல்லை, ஆனாலும் பிழைத்தவர்களில் சிறுநீரகம் திரும்பி வேலை செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதயம் மட்டும் விழிக்காமல் மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் நீண்ட கால இதயப் பம்ப், இதய மாற்று என்று அடுத்த வழிகள் இருக்கின்றன, அவை எல்லோருக்கும் பொருந்தாது. அதையும் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைப்பதில் தவறில்லை.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் 25 என்ற எண்ணைச் சொல்ல மாட்டேன், ஆனால் உண்மையை மறைக்கவும் மாட்டேன். எண் சொன்னால் சிலர் அதை "நாலில் ஒருவர் பிழைக்கிறாரே" என்று பிடித்துக்கொள்வார்கள், சிலர் "போய்விட்டார்" என்றே கேட்பார்கள். குடும்பத்தாரிடம் நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: "ரொம்ப ஆபத்தான நிலையில் இருக்கிறார், அவர் இறந்துபோகவும் கூடும், பிழைக்கவும் வழி இருக்கிறது, அடுத்த சில நாளில் மூளையும் இதயமும் எப்படி விழிக்கின்றன என்று பார்க்கிறோம், மாறும்போது உங்களிடம் அதைச் சொல்வோம்." அம்மாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், எந்த நிலையில் வாழ்வதை அப்பா ஏற்றுக்கொள்வார், எதை ஏற்க மாட்டார் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும், ஒருவேளை கடினமான முடிவு எடுக்கும் நாள் வந்தால் மருத்துவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.

நாளைக் காலை மருத்துவர் வரும்போது சதவீதத்தைக் கேட்காமல் இந்த நான்கைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: நேற்றைக்கும் இன்றைக்கும் லாக்டேட் எவ்வளவு, ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள் கூடினவா குறைந்தனவா, மானிட்டரில் அலை இருக்கிறதா, தூக்க மருந்தை எப்போது நிறுத்தப் போகிறார்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதினால், இரவுப் பணி முடிந்ததும் பார்த்து, ஒவ்வொன்றும் என்ன என்று விளக்குகிறேன்.